விடிந்த பிறகும் கலையாத வேஷம்

ஒரு தசரா சமயம். திருச்செந்தூரிலிருந்து உடன்குடி போகிற டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்குப் பக்கத்து சீட்டில் சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கை நிறைய கண்ணாடி வளையல், தலை நிறைய கனகாம்பரம். டிக்கெட் வாங்கக் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன். வளையலுக்கு மேலே மஞ்சள் காப்பு, புறங்கையில் ரோமம். குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டு வேஷம் கட்டியிருக்கிற பையன். இருபது வயசு இருக்கலாம்.

கண்டக்டர், "தாயி, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரு" என்றார். குரலில் துளிக் கிண்டல் இல்லை. முன் சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்து, முந்தானையில் முடிந்திருந்த பத்து ரூபாயை அவிழ்த்து அவன் தட்டில் போட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"இன்ஸ்டாகிராம்ல இருக்கியா தம்பி?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"இந்த வேஷத்தோட போட்டிருக்கியா?"

"தசரா பத்து நாளும் போடுவேன். எல்லாரும் 'ஓம் காளி ஜெய் காளி'னு கமென்ட் போடுவாங்க. மத்த நாள்ல போட்டா ஊர்ல இருக்க விட மாட்டானுவ."

"மத்த நாள்ல போட ஆசை இருக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. அவன் பதில் சொல்லவில்லை. தலையில் சரிந்த பூவைச் சரி செய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். குலசையில் இறங்கும்போது மட்டும், "வாரேன் அண்ணாச்சி" என்றான்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் சினிமாவையோ புத்தகத்தையோ பிடித்து விமர்சனம் செய்வது என் தொழில். இந்த வாரம் அந்தப் பையனுக்காக, கிராமத்துப் பிள்ளைகள் செல்போனில் எடுத்துப் போடுகிற அரை நிமிஷப் படங்களை எடுத்துக்கொள்கிறேன். 'அதெல்லாம் ஒரு கலையா சார்?' என்று கேட்காதீர்கள். ராத்திரி தூக்கம் வராமல் நீங்களும் நானும் பார்ப்பது அதைத்தானே!

*

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆம்பளப் பையன் புடவை கட்டி ஆடுவது, மீசை வரைந்துகொண்டு பொண்ணு வசனம் பேசுவதெல்லாம் போன் வந்து கெடுத்த கெடுதல் என்று டீக்கடையில் ஒரு கட்சி இருக்கிறது. அந்தக் கட்சிக்காரர்களை ஒருமுறை சென்னைக்குக் கூட்டிப்போய், ராயப்பேட்டை பக்கம் அவ்வை சண்முகம் சாலையில் இறக்கிவிட வேண்டும். அ.தி.மு.க. தலைமை அலுவலகம் இருக்கிற அதே சாலைதான். டி.கே.சண்முகம் என்ற ஆண், ஔவைப் பாட்டியாக மேடையில் நடித்த நடிப்புக்குக் கிடைத்த பட்டம்தான் அந்த 'அவ்வை'. கிழவி வேஷம் கட்டிய ஓர் ஆம்பளையின் பெயரில் தலைநகரில் ஒரு பெரிய சாலையே இருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்ததெல்லாம் பையன்கள். சீதை, வள்ளி, தமயந்தி எல்லாருமே பையன்கள்தான். அப்படியொரு பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து சீதை வேஷம் போட்டவர்தான் பிற்பாடு கட்டபொம்மனாகக் கர்ஜித்த சிவாஜி கணேசன். எதிர்ப்பக்கமும் உண்டு. கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் ராஜபார்ட் கட்டி மேடையைக் கலக்கியவர். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு எந்த ஆம்பள ஹீரோவும் கனவிலும் கேட்டிராத தொகை.

எங்கள் தெற்கத்திச் சீமையில் சுடலைமாடன் கோயில் கொடை என்றால் கணியான் கூத்து இருக்கும். அண்ணாவி கதையைப் பாட, மகுடம் அடிக்க, புடவை கட்டிச் சலங்கை போட்ட இரண்டு ஆண்கள் ராத்திரி முழுக்க ஆடுவார்கள். சாமி வருவதே அந்த ஆட்டத்தில்தான்.

ஆக, வேஷம் நம் ஊருக்குப் புதுசு இல்லை. ஆனால் ஊர் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. கோயிலுக்காக இருந்தால் சரி, மேடை மேல் இருந்தால் சரி, விடிவதற்குள் கலைத்துவிட்டால் சரி. செல்போன் உடைத்தது இந்த நிபந்தனையைத்தான். அதில் கொடையும் இல்லை, தசராவும் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாட்டுத்தொழுவத்தில் நின்று ஆடினால்கூட உலகம் பார்க்கும். முக்கியமாக, அதில் விடிவதே இல்லை. ஒருமுறை போட்ட வேஷம் யாரோ ஒருத்தர் போனில் ஓடிக்கொண்டே இருக்கும்.

*

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மாசத்துக்கு ஒரு ஜி.பி.யை உப்பு, புளி மாதிரி அளந்து செலவு செய்தவர்கள், ஒரே நாளில் ஒரு ஜி.பி.யைக் காலி செய்தார்கள். 2018-ல் மியூசிக்கலி, டிக்டாக் என்று பேர் மாறியது. அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் பார்த்ததுதான். கேமரா, எடிட்டிங், பின்னணி இசை எல்லாம் ஒரே பெட்டிக்குள். இங்கிலீஷ் தெரிய வேண்டாம், டைப் அடிக்கத் தெரிய வேண்டாம். ஃபேஸ்புக்கில் எழுத்து தெரிந்தவர்கள் கோலோச்சிக்கொண்டிருந்தபோது, உடம்பும் குரலும் மட்டுமே சொத்தாக இருந்தவர்களுக்கு டிக்டாக்தான் முதல் மேடை.

2019 ஏப்ரல் 3-ம் தேதி ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, டிக்டாக்கை டவுன்லோடு செய்வதைத் தடை செய்யச் சொன்னது. ஏப்ரல் 24-ம் தேதி அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. அதற்கு இரண்டே நாள் முன்னால், ஏப்ரல் 22-ம் தேதி, அதே மதுரைக் கிளை இன்னொரு தீர்ப்பு சொன்னது. தூத்துக்குடியில் ஓர் இளைஞருக்கும் திருநங்கைக்கும் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்த வழக்கு அது. இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்று இருக்கிற வார்த்தை திருநங்கையையும் குறிக்கும் என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். டிக்டாக் செய்தி பட்டிதொட்டியெல்லாம் பேசப்பட்டது. மணமகள் செய்தி பெட்டிச் செய்தி அளவுக்குக்கூட எங்கள் ஊர் டீக்கடையை எட்டவில்லை.

கல்வான் மோதலை அடுத்து 2020 ஜூன் 29-ம் தேதி, மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் என்று கடை மாறியது. ஆடியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தார்கள். ஏசியவர்களும் கூடவே வந்தார்கள்.

*

சரி, படங்களுக்கு வருவோம். எல்லாம் அற்புதம் என்று சொல்லி உங்களிடம் நல்ல பேர் வாங்க மாட்டேன். முக்கால்வாசி அறுவை. சினிமா வசனத்துக்கு வாயசைப்பு, சினிமா பாட்டுக்கு அதே ஸ்டெப், சினிமா ஹீரோ மாதிரியே ஸ்லோமோஷன். உதடு மட்டும்தான் சொந்தம், மற்றதெல்லாம் இரவல். கிராமத்துப் பையனிடம் கேமராவைக் கொடுத்தால் அவன் கிராமத்தைக் காட்டுவான் என்று நினைத்தோம். அவன் கோடம்பாக்கத்தைக் காட்டினான்.

இன்னொரு வகை, கிராமத்தையே பொம்மையாக்கி விற்பது. மண்சட்டி, அம்மிக்கல், வாழை இலை, பொக்கைவாய்ப் பாட்டி. அந்த வீட்டில் மிக்ஸி இருக்கும், காஸ் இருக்கும். வீடியோவில் மட்டும் வராது. நகரத்தில் இருக்கிறவனுக்கு என்ன மாதிரி கிராமம் பிடிக்குமோ, அதைக் கிராமத்தானே செட் போட்டுத் தருகிறான். இந்த வரிசையில் புதுக்கோட்டைப் பக்கத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்'காரர்களை மட்டும் தனியாக வைப்பேன். அவர்களும் மண்ணடுப்பில்தான் சமைக்கிறார்கள். ஆனால், ஆம்பளைகள் ஆறேழு பேர் உட்கார்ந்து வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, கடைசியில் இல்லாதவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். 'சமையல்னா பொம்பள வேலை' என்கிற ஊரில், ஒரு வார்த்தை பிரசங்கம் இல்லாமல் கோடிக்கணக்கான பேரைப் பார்க்க வைத்தார்களே, அது சாமானியக் காரியமா!

மூன்றாவது வகைதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மீசையை முறுக்கி, வேட்டியை மடித்துக் கட்டி, பைக்கில் மூன்று பேர். பின்னால் ஜாதிச் சங்கக் கொடி, கையில் அரிவாள், 'நாங்க யாரு தெரியும்ல' பாட்டு. அப்புறம் போலீஸ் பிடிக்கும். 'தெரியாம பண்ணிட்டேன் சார்' என்று கை கூப்பி ஒரு மன்னிப்பு வீடியோ வரும். இதைக் கலாசாரப் பெருமை என்று பெரியவர்களே லைக் போடுகிறார்கள்.

நான் கேட்கிறேன், இது வேஷம் இல்லையா? புடவை கட்டிய பையன் போட்டது வேஷம் என்றால், அரிவாள் பிடித்த பையன் போட்டதும் வேஷம்தான். 'ஆம்பளைன்னா இப்படித்தான்' என்று யாரோ எழுதிக் கொடுத்த பாத்திரத்தை அவன் நடிக்கிறான். புடவை வேஷத்தால் இதுவரை யாரும் வெட்டுப்பட்டதில்லை. ஜாதி ஆம்பள வேஷம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பார்த்தோம். தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் ஜாதிக் கயிறு கட்டக் கூடாது என்று சொன்னது. கயிற்றை வாசலில் அறுத்துவிடலாம். ரீல்ஸில் கட்டியிருக்கிற கயிற்றை யார் அறுப்பது?

*

பெண் பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறீர்களா? அவர்களும் இருக்கிறார்கள், கொஞ்சம் தேட வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருமுறையாவது இன்டர்நெட் பார்த்த ஆண்கள் 48.7 சதவிகிதம், பெண்கள் 24.6 சதவிகிதம். பாதிக்குப் பாதி. இருக்கிற பிள்ளைகளும் முகத்தைக் காட்டுவதில்லை. கோலம் போடுகிற கை தெரியும். பின்னல் தெரியும். ஆடினால் முகத்தின் மேல் ஒரு பூ ஸ்டிக்கர். கணக்கு வேறு பேரில் இருக்கும்.

எங்கள் சொந்தத்தில் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி சொன்னாள்: "அக்கவுன்ட் ஆரம்பிச்சதும் மொத வேலை, சொந்தக்காரங்க அத்தனை பேரையும் பிளாக் பண்றதுதான் மாமா. உங்களையும் பண்ணியிருக்கேன், தப்பா நெனைக்காதீங்க."

உலகத்துக்கே காட்டலாம், சித்தப்பாவுக்கு மட்டும் காட்டக் கூடாது. ஒரு பெண் இன்றைக்குக் கிராமத்தில் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறாள் என்பதற்கு இதைவிடச் சரியான கணக்கெடுப்பை நான் பார்த்ததில்லை.

*

இனி, பஸ்ஸில் வந்த பையன் மாதிரியானவர்கள்.

இவர்களில் சிலருக்கு அது வெறும் வேஷம். ஆட்டம் பிடிக்கும், அலங்காரம் பிடிக்கும், அவ்வளவுதான். சிலருக்கு அதுதான் நிஜம், மற்ற நாளில் போடுகிற பேன்ட் சட்டைதான் வேஷம். யார் எது என்று வெளியிலிருந்து சொல்ல எனக்கும் உங்களுக்கும் அதிகாரம் இல்லை. இதைச் சொன்னது சுப்ரீம் கோர்ட். 2014 ஏப்ரல் 15-ம் தேதி தீர்ப்பில், ஒருவர் தன் பாலினம் என்ன என்பதை அவரேதான் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. மாற்றுப் பாலினத்தவருக்கு நலவாரியம் வைப்பதில் நம் மாநிலம் முன்னோடி, 2008-லேயே வைத்துவிட்டது. எப்படி மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று 2022 ஆகஸ்ட்டில் தமிழக அரசு, ஐகோர்ட் சொன்னதன் பேரில் சொற்பட்டியலே வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி, பால்புதுமையர் என்று அழகழகான வார்த்தைகள். கமென்ட் போடுகிறவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு எண்தான் தெரிகிறது. கூடவே நெருப்புப் பொம்மை, செருப்புப் பொம்மை.

ரேவதியின் 'உணர்வும் உருவமும்' 2004-ல் வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007-ல் வந்தது. அந்தப் புத்தகங்களைப் படித்து அழுத வாசகர்கள் உண்டு. ஆனால் புத்தகம் எழுதப் படிப்பு வேண்டும், போட ஒரு பதிப்பகம் வேண்டும். இன்றைக்கு ஏதோ ஒரு குக்கிராமத்துத் திருநங்கை, அடுப்படியில் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டே நம்மிடம் பேசுகிறார். கூவாகத்திலும் ரயிலிலும் மட்டுமே அவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, 'உப்பு பத்தலையோ' என்று அவர் ருசி பார்க்கும்போது மனசில் ஏதோ ஒன்று தளர்கிறது. நூறு பிரசாரக் கூட்டம் செய்யாததை அந்தக் கரண்டி செய்கிறது. இது லாபம்.

நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கூத்தில் ஆடுகிறவனுக்கு ஒரு வாத்தியார் இருந்தார், கூடச் செட்டு இருந்தது. ஒருத்தன் கூச்சல் போட்டால், 'யார்ல அது?' என்று கூட்டத்திலேயே ஒரு பெரியவர் அதட்டுவார். போனில் வாத்தியாரும் இல்லை, பெரியவரும் இல்லை. டிக்டாக்கில் 'டூயட்' என்று ஒன்று இருந்தது. உங்கள் வீடியோவுக்குப் பக்கத்திலேயே இன்னொருத்தன் தன் மூஞ்சியை ஒட்டவைத்து, நீங்கள் ஆட ஆடக் காறித் துப்பலாம். கம்பெனிக்கு ரசித்துப் பார்த்தவனும் துப்பிப் பார்த்தவனும் ஒன்றுதான், இரண்டும் ஒரு 'வியூ'. 2018-ல் பெண் வேஷத்தில் வீடியோ போட்டுவந்த இளைஞர் ஒருவர், கேலி தாங்காமல் உயிரை விட்டதாகச் சென்னையிலிருந்து செய்தி வந்தது. செய்திக்குக் கீழேயும் சிரித்துக்கொண்டே கமென்ட் போட்டார்கள்.

அதே 2018-ல்தான் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. நாயகனின் அப்பா, கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடுகிறவர். மகனின் காலேஜுக்கு வந்த அந்த மனுஷனை, வேட்டியை உருவி ரோட்டில் ஓடவிடுவார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்த நெல்லை தங்கராஜ், நிஜமாகவே நாட்டுப்புறக் கலைஞர். 2023-ல் காலமானார். அந்தக் காட்சியில் தியேட்டரே அழுதது. அழுத அதே ஜனம் வெளியே வந்து போனை எடுத்து, யாரோ ஒரு பையன் புடவை கட்டி ஆடியதற்கு என்ன கமென்ட் போட்டது என்பதுதான் என் கேள்வி.

*

கேள்வியை எனக்கே கேட்டுக்கொண்டேன். பதில் நன்றாக இல்லை.

பனங்காட்டுக்குள் ஒரு பையன் தாவணி கட்டி ஆடுகிற வீடியோ, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒருநாள் வந்தது. நன்றாகவே ஆடினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற மஞ்சள் பொம்மை ஒன்றை ஒட்டி, இன்னும் இரண்டு குழுவுக்குத் தள்ளிவிட்டேன். ஐந்து விநாடி வேலை. இத்தனை வருஷம் விமர்சனம் எழுதுகிறவன் செய்த விமர்சனம் அது. பஸ்ஸில் அந்தப் பையன் ஜன்னல் பக்கம் திரும்பியபோது எனக்கு ஞாபகம் வந்தது அதுதான். இவன் பயப்படுகிற 'ஊர்' என்பதில் நானும் ஒருத்தன்.

சின்ன வயசில் கொடை முடிந்த ஒரு காலை. ராத்திரி கூத்தில் பெண்ணாக ஆடியவர், வேஷத்தைக் கலைத்துவிட்டு டீக்கடைக்கு வந்தார். அப்படியொன்றும் அந்தக் காலம் பொற்காலம் இல்லை. ராத்திரி அவர் ஆட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்கள், காலையில் அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டார்கள். பெஞ்சில் உட்காரச் சொல்லவும் இல்லை. மரியாதை வேஷத்துக்குத்தான், கட்டியவருக்கு இல்லை. ஊரின் ஜாதிக் கணக்கு அப்படி. கண்ணோரம் இன்னும் கலையாத மையோடு அவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நானும் என் கூட்டாளிகளும் அந்த மையைப் பார்த்துச் சிரித்தோம்.

அப்பா என் தலையில் ஒரு தட்டு தட்டினார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, "அண்ணே, இங்க வந்து உக்காருங்க. ராத்திரி நல்லா இருந்துச்சு" என்றார். அவர் கூச்சத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். கடையில் யாரும் எதுவும் பேசவில்லை.

அப்பா படித்தது ஆறாம் கிளாஸ். அவரிடம் போன் கிடையாது. ஒரு நல்ல ஆட்டத்துக்கு என்ன கமென்ட் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.